கப்பல் முடிச்சும் கைக்கயிறும்

பாயை இழுத்துக் கட்டவும் படகைத் துறையில் பிணைக்கவும் பயன்பட்ட கப்பல் கயிறு, மெல்லிய அளவில் மணிக்கட்டுக்கு வந்ததே இன்று மேல்நாட்டுக் கடற்கரை ஊர்களின் கடைகளில் தொங்கும் கயிற்று வளையம். பொன்னும் கல்லும் இல்லாத அணிகலன் இது. நங்கூரக் கொக்கி வைத்தது, தோல் சேர்த்தது, எஃகுக் கம்பியில் முறுக்கியது என்று இப்போது பல வடிவங்களில் கிடைத்தாலும் தாய் வடிவம் ஒன்றுதான்: வெள்ளைப் பருத்திக் கயிற்றில், பூட்டோ கொக்கியோ இல்லாமல், தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரியாமல் பின்னிய வளையம். அமெரிக்காவின் வடகிழக்கில் மெய்ன், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட் முதலிய மாநிலங்கள் அடங்கிய நியூ இங்கிலாந்தின் கரையோரத்தில் அது கோடையின் அடையாளம். பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். அதன்பிறகு குளிக்கும்போதும் தூங்கும்போதும் அது கையோடுதான் இருக்கும். வெயிலும் உப்பும் பட்டு நைந்து தானாக அறுந்து விழும்வரை, அல்லது பள்ளி திறக்கும் நாளில் அம்மா கத்தரிக்கோல் எடுக்கும்வரை, அதைக் கழற்றுவதில்லை என்பது அங்குள்ள வழக்கம்.

பாய்மரக் கப்பல் என்பதே பாதி மரம், பாதி கயிறு. டிரஃபால்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலாக இருந்த ‘எச்.எம்.எஸ். விக்டரி’யின் பாய்களையும் பாய்மரங்களையும் பிடித்திருந்த கயிற்றின் மொத்த நீளம் சுமார் 42 கிலோமீட்டர். இவ்வளவு கயிறு திரிக்கத் தனிக் கட்டடங்கள் தேவைப்பட்டன. கயிறு எவ்வளவு நீளமோ அதைவிட அதிக நீளத்துக்குப் புரிகளை நீட்டிவைத்துத்தான் முறுக்க முடியும் என்பதால் அந்தக் கட்டடங்கள் அகலம் குறைந்து, நம்ப முடியாத நீளத்தில் இருந்தன. இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் தளத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய கயிற்றுச் சாலை 346 மீட்டர் நீளம். அதில் இன்றும் கயிறு திரிக்கிறார்கள். அமெரிக்காவில் 1824இல் தொடங்கிய பிளிமத் கார்டேஜ் நிறுவனத்தின் கயிற்றுச் சாலையில் ஒரு பகுதியை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து கனெக்டிகட்டின் மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

கயிறு பிரியாமல் இருப்பதற்குக் காரணம் எதிரெதிர் முறுக்கு. நாரை ஒரு திசையில் முறுக்கினால் நூல். பல நூல்களைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் புரி. மூன்று புரிகளை மறுபடியும் முதல் திசையில் முறுக்கினால் முப்புரிக் கயிறு. ஒவ்வொரு நிலையும் பிரிந்துகொள்ளப் பார்க்கும். அப்படிப் பிரிவதை அடுத்த நிலையின் முறுக்கு தடுத்துவிடும். வளையம் வாங்குபவர் கயிற்றின் வெட்டுமுனையைப் பார்த்தால் இது தெரியும். நல்ல கயிற்றில் புரிகள் இறுகி ஒட்டி நிற்கும். உள்ளே பஞ்சு அடைத்து மேலே மினுமினுப்பான உறை போர்த்திய போலிக் கயிறு, ஒரு மாதத்தில் உறை நழுவிச் சுருங்கிப்போகும்.

பிரிட்டிஷ் அரசுக் கப்பல் தளங்களில் திரித்த கயிற்றுக்குள் ஒரு நிற நூலை ஒளித்து வைப்பார்கள். எங்கே வெட்டினாலும் அந்த நிறம் தெரியும். திருட்டுக் கயிறு விற்றவன் மாட்டிக்கொள்வான். கயிறு அந்த அளவுக்கு விலைபோன பண்டம். வெள்ளை வளையத்தில் ஒற்றை நீல இழையோ சிவப்பு இழையோ ஓடும் வடிவத்தைப் பார்க்கும்போது இந்தத் திருட்டுக் காவல் நூலின் நினைவு வராமல் இருக்காது.

தேய்ந்துபோன கயிற்றையும் எறிவதில்லை. அதைப் பிரித்து நாராக்கிப் பலகை இடுக்குகளில் திணித்துத் தார் பூசினார்கள். பிரிட்டனில் இப்படிப் பழங்கயிறு பிரிப்பது சிறைக் கைதிகளுக்கும் ஏழைகள் விடுதியில் இருந்தவர்களுக்கும் விதிக்கப்பட்ட வேலை. கப்பலில் மிஞ்சிய துண்டுகள் மாலுமிகளின் கைக்குப் போயின. குறிப்பாகத் திமிங்கில வேட்டைக் கப்பல்களில். மாசசூசெட்ஸின் நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்ட் துறைகளிலிருந்து கிளம்பிய அந்தக் கப்பல்கள் வீடு திரும்ப மூன்று நான்கு ஆண்டுகள்கூட ஆகும். வேட்டைப் படகுகளை இறக்கத் தேவையான ஆட்கள் எல்லோரும் கப்பலில் இருந்தாக வேண்டும். ஆனால் கப்பலை ஓட்ட மட்டும் அத்தனை பேர் வேண்டியதில்லை. திமிங்கிலம் கண்ணில் படாத வாரங்களில் கைக்கு வேலை இருக்காது. சிலர் திமிங்கிலப் பல்லில் ஊசியால் படம் கீறினார்கள். சிலர் முடிச்சு போட்டார்கள். பெட்டிக்குக் கைப்பிடி, கத்திக்கு வார், கப்பல் மணியின் நாக்குக்குத் தொங்கல் என்று அருங்காட்சியகங்களில் இருக்கும் பொருள்களைப் பார்த்தால் ஒருவருக்கொருவர் போட்டி போட்டுச் செய்ததுபோல் இருக்கிறது. 1841இல் கட்டி, 80 ஆண்டுகளில் 37 வேட்டைப் பயணங்கள் போய்வந்த ‘சார்ல்ஸ் டபிள்யூ. மார்கன்’ மரக்கப்பல் இன்றும் மிஸ்டிக் சீபோர்ட்டில் மிதக்கிறது. அந்த இனத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

வளையத்துக்கு வடிவம் தந்த முடிச்சின் பெயர் துருக்கித் தலை. தலைப்பாகை சுற்றியதுபோல் தெரிவதால் ஐரோப்பிய மாலுமிகள் வைத்த பெயர். இது இரண்டு கயிறுகளைச் சேர்க்கும் முடிச்சும் இல்லை, ஒன்றைக் கம்பத்தில் கட்டும் முடிச்சும் இல்லை. கோல், கம்பி, கயிறு என உருண்டையான எதன்மேலும் இறுகி உட்காரும் வளைய முடிச்சு. பாய் மடிக்க மேலே ஏறுபவர்கள் கால்வைக்கும் கயிற்றில் இதைப் போட்டுவைத்தால் கால் வழுக்காது. துடுப்பின் தண்டில் போட்டால் வழிந்துவரும் தண்ணீர் கைக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். சுக்கான் சக்கரத்தில் இதற்கு இன்னும் முக்கியமான இடம் உண்டு. சுக்கான் நேராக இருக்கும்போது எந்த ஆரக்கால் உச்சியில் நிற்குமோ, அந்த ஒன்றில் மட்டும் துருக்கித் தலை போடுவார்கள். நள்ளிரவில், விளக்கில்லாத மேல்தளத்தில், சக்கரம் பிடித்தவன் விரலால் தடவியே சுக்கானின் நிலையைத் தெரிந்துகொள்வான். அலங்காரம் என்று இன்று கருதப்படும் அந்த மேடுபள்ளப் பின்னல் அங்கே இருட்டில் கைக்குத் தெரிவதற்காக இருந்தது.

தமிழ்நாட்டில் சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த முடிச்சு புதிதல்ல. சாரணரின் கழுத்துத் துணியைக் கூட்டிப் பிடிக்கும் வளையம் பல இடங்களில் இதே பின்னல்தான். சாரண ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் அணியும் தோல் வளையம், லண்டன் அருகே உள்ள கில்வெல் பார்க் பயிற்சி மையத்தில் 1920களில் உருவானது; அதுவும் துருக்கித் தலையே.

முடிச்சுகளைப் பற்றி எழுதுபவர் பலருக்கும் மூலநூலாக இருப்பது கிளிஃபர்ட் ஆஷ்லியின் முடிச்சு நூல். 1881இல் நியூ பெட்ஃபோர்டில் பிறந்த ஆஷ்லி ஓவியர். 1904இல் ‘சன்பீம்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறிப் போய், தளத்தில் நடப்பதையெல்லாம் கண்ணால் பார்த்தவர். கப்பலில், மீன்பிடித் துறையில், சர்க்கஸ் கூடாரத்தில், கசாப்புக் கடையில் என்று முடிச்சு போடுபவர்கள் இருக்குமிடமெல்லாம் தேடிச் சேகரித்து, 1944இல் அவர் வெளியிட்ட நூலில் ஏறத்தாழ 3,900 பதிவுகள், 7,000 வரைபடங்கள். துருக்கித் தலைக்கென்று அதில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. புலிட்சர் பரிசு பெற்ற ‘தி ஷிப்பிங் நியூஸ்’ நாவலை எழுதிய ஆனி புரூ, அதன் அத்தியாயங்களுக்குத் தலைப்பும் முகப்பு வாசகங்களும் பெரும்பாலும் இந்த நூலிலிருந்தே எடுத்துக்கொண்டார். கயிற்றைப் பற்றிய நூலுக்கு இப்படியும் ஒரு வாழ்வு.

துருக்கித் தலையை விளக்க எளிய வழி சடைதான். மூன்று கால் சடையைப் பின்னி, அதன் இரு முனைகளையும் வளையமாகச் சேர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டால் மூன்று ஓட்டத் துருக்கித் தலை கிடைத்துவிடும். ஆனால் சடையில் மூன்று தனித்தனிக் கால்கள். இதில் ஒரே கயிறுதான். அதுவே மூன்று முறை சுற்றிவந்து தன்னைத்தானே பின்னிக்கொள்ளும். வளையத்தின் அகலத்தில் எத்தனை இழைகள் ஓடுகின்றன என்பது ஓட்டம். விளிம்பில் கயிறு எத்தனை முறை மடங்கித் திரும்புகிறது என்பது மடிப்பு. இந்த இரண்டு எண்களைச் சொன்னால் முடிச்சைச் சொல்லியாகிவிட்டது: மூன்று ஓட்டம் ஐந்து மடிப்பு, நான்கு ஓட்டம் ஐந்து மடிப்பு, இப்படி.

எந்த இரண்டு எண்களை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் இதில் சுவையான இடம். ஓட்டத்துக்கும் மடிப்புக்கும் 1ஐத் தவிர வேறு பொது வகுத்தி இருக்கக் கூடாது. மூன்றும் ஐந்தும் சேரும். மூன்றும் ஆறும் சேராது. மூன்று ஓட்டம் ஆறு மடிப்பு என்று ஆரம்பித்தால், பாதி வளையம்கூட நிரம்பாத நிலையில் கயிறு புறப்பட்ட இடத்துக்கே வந்து முட்டிக்கொள்ளும். முழுதாக முடிக்க மூன்று தனிக் கயிறுகள் வேண்டும். நான்கும் ஆறும் என்றால் இரண்டு கயிறு. பள்ளிக் கணக்கில் வரும் மீப்பெரு பொது வகுத்திதான் இங்கே கயிறுகளின் எண்ணிக்கை. எண் கோட்பாடு எதுவும் படிக்காத மாலுமிகள் இதை விரல் வழியாகத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

மணிக்கட்டு வளையத்துக்குப் பெரும்பாலும் மூன்று ஓட்டம்தான். மடிப்பு எத்தனை என்பது கயிற்றின் தடிமனையும் மணிக்கட்டின் சுற்றளவையும் பொறுத்தது. செய்முறை இப்படி: சுமார் 3 மீட்டர் பருத்திக் கயிற்றின் ஒரு முனையை இடது கட்டைவிரலால் உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நான்கு விரல்களையும் சுற்றிக் கொண்டுவந்து முதல் சுற்றின்மேல் குறுக்காகப் போட வேண்டும். அடுத்த சுற்றில் முனை ஒரு இழைக்கு மேலாகவும் மற்றதற்குக் கீழாகவும் போகும். இப்போது கையைப் புறங்கைப் பக்கம் திருப்பினால் இரண்டு இழைகள் ஒன்றையொன்று தொடாமல் பக்கம் பக்கமாக ஓடுவது தெரியும். தவறு நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு இழையைத் தூக்கி மற்றதன்மேல் போட வேண்டும். அதனால் நடுவில் ஒரு கண் திறக்கும். முனையை அந்தக் கண்ணுக்குள் செலுத்த வேண்டும். பிறகு கையைச் சற்றுத் திருப்பி, மறுபடி இழை மாற்றி, மறுபடி செலுத்தி, முனை தான் புறப்பட்ட இடத்தைச் சந்திக்கும்வரை போக வேண்டும். எலும்புக்கூடு தயார். அதன்பிறகு முனை முதல் ஓட்டத்தின் பக்கத்திலேயே, அது மேலே போன இடத்தில் மேலே, கீழே போன இடத்தில் கீழே என்று இன்னும் இரண்டு முறை சுற்றிவரும். ஒவ்வொரு ஓட்டமும் மூன்று இழை அகலமாகிவிடும்.

பின்னுவது பாதி வேலைகூட இல்லை, இறுக்குவதில்தான் கைத்திறன். ஒரே இழுப்பில் இறுக்கினால் வளையம் கோணிக்கொள்ளும். தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு மடிப்பாகத் தளர்வைத் தள்ளிக்கொண்டே முனைவரை கொண்டுபோய்விட்டு, மறுபடியும் முதலிலிருந்து. மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகே இழைகள் இடைவெளி இல்லாமல் படியும். கடைசியில் இரு முனைகளையும் உட்புறத்தில் ஒரு குறுக்கு இழைக்கு அடியில் நுழைத்துத் தைத்துவிடுவார்கள். கைப்பின்னலையும் மட்டமான வேலையையும் பிரித்தறிய வளையத்தை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் போதும். உருகிய பசைக்கட்டி தென்பட்டால் அந்த இடம்தான் முதலில் விட்டுப்போகும். தோலையும் அதுதான் உரசும்.

பூட்டில்லாத வளையம் கையில் எப்படி நிற்கிறது? புதிதாக இருக்கும்போது அது மணிக்கட்டைவிடப் பெரிது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால் விரல் முட்டிகளைத் தாண்டி நுழைந்துவிடும். அணிந்தபின் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை முக்கி, கையிலேயே உலரவிட வேண்டும். பருத்தி நார் தண்ணீர் குடித்துப் பருக்கும். நீளவாக்கில் அவ்வளவாக நீளாது. பருத்த நார்களைச் சுற்றி ஓடும் முறுக்குக்கு அதிக வழி தேவைப்படுவதால் கயிறு மொத்தத்தில் குட்டையாகும். நார்க்கயிறு கட்டிய பாய்மரக் கப்பலில் மழை பிடித்தால் கயிறுகளைச் சற்றுத் தளர்த்திவிடுவது இதே காரணத்தால்தான். இல்லாவிட்டால் அவை சுருங்கி மரத்தையே இழுக்கும். ஒரு கோடை முழுக்கக் கடலில் நனைந்து காய்ந்தபின் வளையம் மணிக்கட்டின் அச்சாகவே மாறிவிடும். பருத்திக்கு இன்னொரு குணமும் உண்டு: நனைந்தால் வலிமை கூடும். நைலானுக்கு நேர்மாறு, நனைந்தால் குறையும்.

உண்மையான கப்பல் கயிறு பருத்தி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியக் கப்பல்களின் கயிறு கஞ்சா இனச் செடியின் தண்டு நாரான ஹெம்ப். அது ஈரத்தில் அழுகும் என்பதால் பைன் மரத் தாரில் ஊறவைத்தார்கள். மாலுமியின் கையும் சட்டையும் எப்போதும் தார் நாறும். ஆங்கிலத்தில் மாலுமிக்கே தார் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிலிப்பைன்ஸிலிருந்து மணிலா கயிறு வந்தது; வாழை இனத்தைச் சேர்ந்த அபாக்கா என்ற செடியின் நார். தார் பூசாமலே உப்புநீரைத் தாங்கியதால் அமெரிக்கக் கப்பல்கள் அதை விரும்பின. இந்தியப் பெருங்கடலில் இந்த வேலையைச் செய்தது தேங்காய் நார். துறைமுகம் கட்டுவதற்குமுன் சென்னைக் கரையில் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்த மசூலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை அடித்தால் உடையாமல் வளைந்துகொடுத்தது. ஆனால் ஹெம்ப், மணிலா, தேங்காய் நார் மூன்றுமே தோலுக்கு முரடு. மணிக்கட்டில் நாள் முழுக்க அணிந்தால் சிவந்து தடித்துவிடும். வளையம் பருத்திக்கு மாறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கடற்கரைக் கடைகளில் இந்த வளையத்தோடு ஒரு கதையும் சேர்த்து விற்பார்கள்: காதலி பின்னிக் கொடுத்தது, கரை திரும்பும்வரை கழற்றக் கூடாது, கரையில் அறுத்தால் அதிர்ஷ்டம் என்று. கேட்க நன்றாக இருக்கும். முடிச்சு போட்டதும் கயிறு பின்னியதும் கப்பலில் இருந்த ஆண்கள்தான் என்பதைக் கதை மறந்துவிடுகிறது. வளையம் பரவியதற்கு உண்மையான காரணம் கடலுக்கு வேலைக்குப் போனவர்களைவிட, கடற்கரைக்குக் காற்றுவாங்க வந்தவர்கள். மாலுமியின் உடையும் உடைமையும் பொழுதுபோக்குக்கு வந்தவர்களின் அலங்காரமாக மாறிய நீண்ட வரிசையில் இதுவும் ஒன்று. 1858இல் பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளுக்குச் சீருடையாக்கிய நீலக்கோடு பனியனை ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் நாகரிக உடையாக்கினார். 1935இல் கனெக்டிகட்டின் பால் ஸ்பெரி, பனியில் வழுக்காமல் ஓடிய தன் நாயின் பாதத்தைப் பார்த்து, ஈரத் தளத்தில் வழுக்காத ரப்பர் அடிப்பாகத்தைக் காலணிக்கு வெட்டினார். அது இன்று படகே ஏறாதவர்களின் காலில் இருக்கிறது.

நகைக் கடைகளும் சும்மா இருக்கவில்லை. 1938இல் பாரிஸின் எர்மெஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் துமா, துறைமுகத்தில் பார்த்த நங்கூரச் சங்கிலியை வெள்ளிக் கைச்சங்கிலியாக வடித்தார். 1966இல் பாரிஸின் ஃபிரெட் நகை நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே போய், பாய்மரப் படகில் பயன்படும் முறுக்கிய எஃகுக் கம்பியையே எடுத்து, தங்கத்தில் செய்த படகுக் கொக்கியால் பூட்டியது. பியூபோர்ட் காற்று அளவில் புயலைக் குறிக்கும் பத்தாம் எண்ணை அதற்குப் பெயராக வைத்தார்கள். கயிற்று வளையத்தில் உலோகக் கொக்கி வைக்கும் இன்றைய வழக்கத்துக்கு இந்த இரண்டும் முன்னோடி என்று சொல்லலாம்.

இதற்குப் பக்கத்து வீட்டுக்காரர், பாராசூட் கயிற்றில் பின்னும் பாராகார்ட் வளையம். நைலான் 1935இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் உருவானது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு கிடைக்காமல் போனதும் அமெரிக்கப் பாராசூட்டுகளுக்குத் துணியும் கயிறும் நைலானுக்கு மாறின. அந்தக் கயிற்றில் அதிகம் புழங்கும் வகை 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ எடை தாங்கும். உறைக்குள் குறைந்தது ஏழு உள்நூல்கள் ஓடும். ஆபத்தில் பிரித்துக் கயிறாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லி, மணிக்கட்டில் இரண்டரை மூன்று மீட்டரைப் பின்னி வைக்கிறார்கள். கடலோடு இதற்கு உறவில்லை, வானத்திலிருந்து வந்தது. ஆனால் நங்கூரக் கொக்கி மாட்டிக் கடல் வளையம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கொக்கி வைத்த வளையம் வாங்கும்போது கயிற்றைவிடக் கொக்கியைத்தான் பார்க்க வேண்டும். கடல்நீரின் குளோரைடு சாதாரணத் துருப்பிடிக்காத எஃகையும் பழுப்புக் கறை படியவைக்கும். 316 என்ற வகையில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். படகுச் சாமான்கள் செய்வதும் அதில்தான். பித்தளை பச்சை பூக்கும். அது அசிங்கம் இல்லை, துடைத்தால் போகும். துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே தங்க நிறம் பூசிய நங்கூரங்கள் ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை. பூச்சு உரிந்ததும் அடியில் இருக்கும் நிக்கல் தோலில் அரிப்பை உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் தோலில் படும் பொருள்களிலிருந்து கசியும் நிக்கலுக்கு 1994இலேயே வரம்பு விதித்ததற்குக் காரணம் இந்த ஒவ்வாமைதான்.

அண்மைக் காலத்தில் வளையத்துக்குப் புதிதாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது: கடலைக் காப்பாற்றுவது. அறுந்தும் கைவிடப்பட்டும் கடலடியில் கிடக்கும் வலைகள் மீனையும் ஆமையையும் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இருக்கும். நைலான் என்பதால் மக்காது. ஆண்டுக்கு சுமார் 6,40,000 டன் மீன்பிடிச் சாமான்கள் கடலில் சேர்வதாக ஐ.நா.வின் இரண்டு அமைப்புகள் 2009இல் மதிப்பிட்டன. ஜெர்மனியின் ஹாம்பர்கில் உள்ள பிரேஸ்நெட் நிறுவனம் அப்படிக் கைவிடப்பட்ட வலைகளை நறுக்கிக் கை வளையம் செய்கிறது. ஃபுளோரிடாவில் 2017இல் தொடங்கிய ஃபோர்ஓஷன், வளையம் ஒன்று விற்றால் ஒரு பவுண்டு குப்பை எடுப்பதாகச் சொல்லி வளர்ந்தது. ஒரு வளையத்தில் சேர்வது சில கிராம் வலை. இழுவைப் படகின் ஒரு வலையோ டன் கணக்கில் எடை. எனவே கடல் சுத்தமாவது வளையத்தில் போகும் நூலால் அல்ல, அதை விற்ற பணத்தில் நடக்கும் வேலையால். வாங்குபவர் கேட்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான். மெய்ன் மாநிலத்தில் இதைவிடப் பயனுள்ள வழி ஒன்று நடந்தது. சிங்கி இறால் எனப்படும் லாப்ஸ்டர் பிடிக்கும் பொறிகளை இணைத்த மிதக்கும் கயிறுகளில் அருகிவரும் ரைட் திமிங்கிலங்கள் சிக்கியதால், அத்தகைய கயிற்றுக்கு 2009இல் தடை வந்தது. மீனவர்களிடமிருந்து திரும்ப வாங்கிய பழைய கயிறு, வண்ண வண்ணமான கால்மிதிகளாக மாறி வீட்டு வாசல்களுக்குப் போனது. எடையைப் பொறுத்தவரை ஒரு கால்மிதி பல நூறு வளையங்களுக்குச் சமம்.

கடலில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இதை அணிவதில்லை என்பது கவனிக்க வேண்டியது. கயிறு சுற்றும் உருளையிலோ ஓடும் நங்கூரச் சங்கிலியிலோ வளையம் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். பூட்டில்லாத பருத்தி வளையத்தை நினைத்த மாத்திரத்தில் கழற்ற முடியாது. பாராகார்ட் அறுவதும் இல்லை. லேத் பட்டறை, மாவு மில், தறிக்கூடம் என எந்த ஓடும் எந்திரத்தின் அருகிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். மருத்துவமனையிலும் இடமில்லை: பிரிட்டனின் சுகாதாரத் துறை 2007இலிருந்து நோயாளியைத் தொடுபவர்கள் முழங்கைக்குக் கீழே வளையமோ கடிகாரமோ அணியக் கூடாது என்று வலியுறுத்துகிறது. மணிக்கட்டுப் பட்டைகளில் கிருமி எவ்வளவு என்று ஃபுளோரிடா அட்லான்டிக் பல்கலைக்கழகத்தில் 2023இல் சோதித்தபோது, 95 சதவீதத்தில் பாக்டீரியா இருந்தது. ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் மிக அதிகம், துணியிலும் கணிசம், தங்கம், வெள்ளியில் ஏறக்குறைய இல்லை.

ஆகவே கழற்றாமல் அணியும் வளையத்தைக் கையோடு சேர்த்துக் கழுவ வேண்டும். கடலில் குளித்தபின் நல்ல தண்ணீரில் அலசாவிட்டால், உப்புப் படிகங்கள் இழைகளுக்கு இடையில் நின்று அராவும். தோலுக்கும் கயிற்றுக்கும் கேடு. சோப்பு நுரையோடு பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அழுக்கு போகும். வெள்ளை நிறத்துக்காக பிளீச்சிங் திரவத்தில் ஊறவைப்பவர்கள் உண்டு. அது பருத்தியைப் பலவீனமாக்கும், ஓரிரு முறைக்குப் பிறகு இழை பொடியாகும். சாயம் தோய்த்த வளையம் என்றால் முதல் வாரம் வெள்ளைச் சட்டையோடு சேர்த்து அணியாமல் இருப்பது நல்லது. ஈரம் காயாமல் நாள்கணக்கில் இருக்கும் சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களின் புழுக்கத்தில் பருத்தி பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். அங்கே எளிதில் காயும் பாலியெஸ்டர் பின்னலும், கழற்றி மாட்டும் வசதிக்கு எளிய முடிச்சுக் கண்ணியும் பொருத்தம்.

அறுத்து எடுக்கும் நாளில் தோலுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு தேக்கரண்டியின் காம்பைச் செருகிக்கொண்டு அதன்மேல் வெட்டினால் கையில் காயம் படாது. பருத்தி வளையத்தை மண்ணில் போட்டுவிடலாம், மக்கிவிடும். நைலான், பாலியெஸ்டர் வளையங்கள் மக்காது. அவற்றைக் கரையில் விட்டுவந்தால் அடுத்த அலையில் கடலுக்குத்தான் போகும் என்பதால் குப்பைத் தொட்டிவரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.